பேட்டரி ஏன் கொதிக்குது, சார்?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், மின்பொறியியல் துறையில் பயின்று இப்போது அணுபுரத்தில் வசிக்கும் முன்னாள் மாணவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

செயலாளர் போன் பண்ணி, "அணுபுரத்துல இருந்து வர்றீங்க, அணு உலையைப் பத்திப் பேசுங்களேன்" என்றார். அதைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் நான் பேச எடுத்துக்கொண்டது வேறு. மீன்பிடிப் படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார் ஏன் பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் விஷயம். "இதுக்கா மேடை?" என்று நினைக்காதீர்கள். நம் முதல் வருஷப் பாடத்தில் பாதி இதற்குள் அடங்கியிருக்கிறது. கடலுக்குப் போகிறவர் உயிரும் இதற்குள்தான் இருக்கிறது.

அணுபுரம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில், அணுசக்தித் துறை ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. கடற்கரையில் இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஆனால் ஒரு பைக் இருந்தால் சீக்கிரமே சதுரங்கப்பட்டினம் போய்விடலாம். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே குப்பத்துக் கரைக்கு இறங்கினால் படகுகள் வரிசையாக நிற்கும். ஓய்வு பெற்ற மனுஷனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. மீன் மலிவாகக் கிடைக்கும் என்று என் மனைவி அனுப்பி வைப்பார். நான் வயரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புவேன்.

நான் வேலை பார்த்தது மின் பராமரிப்பில். அதிலும் பாதிக்கு மேல் பேட்டரி அறை. பெரிய மின் நிலையத்தில் எதற்கு பேட்டரி என்று வெளியாட்கள் கேட்பார்கள். வெளியிலிருந்து வரும் மின்சாரமும் போய், டீசல் ஜெனரேட்டரும் கிளம்பாத அந்தச் சில நிமிஷம் இருக்கிறதே, அப்போது மீட்டர்களுக்கும் ரிலேக்களுக்கும் உயிர் கொடுப்பது பேட்டரி ஒன்றுதான். 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமாவில் சுனாமித் தண்ணீர் புகுந்து பேட்டரிகளும் கைவிட்டபோது, அங்கிருந்த ஊழியர்கள் கார் பேட்டரிகளைக் கழற்றி வந்து மாட்டித்தான் மீட்டர்களைப் படித்தார்கள். பேட்டரி போனால் கண் போன மாதிரி.

படகிலும் அதே கதைதான். அளவு மட்டும் சின்னது. முன்பு கட்டுமரத்தில் போனவர்களுக்கு பேட்டரி தேவைப்படவில்லை. நட்சத்திரம் இருந்தது, கரையில் பனைமர அடையாளம் இருந்தது. சின்னப் படகுகளுக்கு மோட்டார் மாட்டும் முயற்சிகள் நம் கரையில் 1980-களில் வேகம் பிடித்தன. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் அந்தக் காலத்தில் கரையேறும் படகுகளைச் செய்து சோதித்துப் பார்த்தது. அப்புறம் 2004 டிசம்பர் 26. சுனாமி கட்டுமரங்களை உடைத்துப் போட்ட பிறகு, நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். இன்று அந்த ஃபைபர் படகில் ஜி.பி.எஸ். இருக்கிறது, மீன் கூட்டத்தையும் ஆழத்தையும் காட்டும் எக்கோ இருக்கிறது, வாக்கி-டாக்கி இருக்கிறது, வலையில் வேலை செய்ய எல்.இ.டி. விளக்கு இருக்கிறது. (மீனைக் கூப்பிட வெளிச்சம் போடுகிற விளக்கு இல்லை. அதற்கு 2017-லேயே மத்திய அரசு தடை போட்டாகிவிட்டது.) இத்தனையும் ஒரு 12 வோல்ட் பேட்டரியை நம்பி இருக்கின்றன. நடுக்கடலில் அது படுத்தால் விளக்கும் இல்லை, வழியும் இல்லை, உதவிக்குக் கூப்பிடக் குரலும் இல்லை.

நம் பக்கத்தில் நிறையப் படகுகளில் இருப்பது கயிறு இழுத்துக் கிளப்பும் சின்ன மோட்டார். அவர்கள் பேட்டரியை வீட்டில் சார்ஜ் போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். பிரச்சினை குறைவு, முதுகுவலிதான் அதிகம். சாவி போட்டு ஸ்டார்ட் செய்யும் பெரிய மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு மோட்டாரே பேட்டரியை சார்ஜ் செய்துவிடும். கொதிக்கிற புகார் அவர்களிடமிருந்துதான் வரும்.

அந்த மாதிரி ஒரு படகுக்காரர், நாற்பது வயது இருக்கும், ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க கரண்ட் ஆபீஸ்ல இருந்தவராமே. இந்த வருஷத்துல மூணாவது பேட்டரி சார் இது. நாலு மாசம் தாங்க மாட்டேங்குது. காலைல கரைக்கு வந்தா மேல கை வைக்க முடியல, கொதிக்குது. ஏன் சார் கொதிக்குது?" பேட்டரிக் கடைக்காரர் ரெகுலேட்டர் கோளாறு என்றாராம். மெக்கானிக் பேட்டரிதான் டூப்ளிகேட் என்றாராம். இவரும் பாவம், காசைப் போட்டு ரெகுலேட்டரையும் மாற்றிப் பார்த்துவிட்டார். கொதிப்பது நிற்கவில்லை.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த அனுமதி வேண்டும். மின்பொறியியல் தம்பிகள் தூங்கலாம், மற்றவர்கள் கேளுங்கள்.

அவுட்போர்டு மோட்டாரின் தலைமேல் ஒரு ஃப்ளைவீல் சுற்றும். அதன் உள்பக்கம் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே அசையாமல் ஒரு காயில் கூட்டம், ஸ்டேட்டர். காந்தம் சுற்றினால் காயிலில் ஏ.சி. கிடைக்கும். ரெக்டிஃபையர் அதை டி.சி.யாக மாற்றி பேட்டரிக்கு அனுப்பும். காரில் இருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கார் ஆல்டர்னேட்டரில் காந்தப்புலமே மின்சாரத்தால் உண்டாவது. பேட்டரி நிறைந்தால் புலத்தைக் குறைத்துவிடலாம். இங்கேயோ நிலைக்காந்தம். அதைக் குறைக்க வழியில்லை. மோட்டார் வேகமாக ஓட ஓட மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். வேண்டாத மின்சாரத்தை என்ன செய்வது? பல ரெகுலேட்டர்கள் காயிலின் இரண்டு முனையையும் அவ்வப்போது ஒன்றாகச் சேர்த்து, அதைத் தனக்குள்ளேயே சுற்ற விட்டுவிடும். அதனால்தான் ரெகுலேட்டர் சூடாகும். அதை மோட்டார் உடம்போடு சேர்த்து, சூடு இறங்கும்படி இறுக்கி மாட்டியிருப்பதும் இதற்காகத்தான்.

ரெகுலேட்டருக்கு எப்படித் தெரியும், பேட்டரி நிறைந்துவிட்டது என்று? வோல்டேஜைப் பார்த்துத்தான். பொதுவாக 14.2, 14.4 வோல்ட் வந்ததும் நிறுத்திக்கொள்ளும். இதற்கு மேல் போனால் பேட்டரிக்குள் வேறு வேலை ஆரம்பிக்கும். தட்டுகளில் ஏற வேண்டிய சார்ஜ் ஏறி முடிந்த பிறகு உள்ளே வருகிற கரண்ட் சும்மா இருக்காது. தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கும். படகுக்காரர் "கொதிக்குது" என்று சொல்வதில் பாதி சூடு, பாதி இந்த வாயுக் குமிழி.

எவ்வளவு தண்ணீர் போகும்? ஃபாரடே 1830-களில் சொன்ன விதியை வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு ஆம்பியர்-மணி நேரத்துக்கு ஒரு செல்லில் மூன்றில் ஒரு கிராம் தண்ணீர் பிரியும். 12 வோல்ட் பேட்டரியில் 6 செல். ஆக 2 கிராம். நிறைந்த பேட்டரிக்குள் 5 ஆம்பியர் அதிகமாகப் போகிறது என்று வையுங்கள், ராத்திரி 6 மணி நேரம். 30 ஆம்பியர்-மணி, 60 கிராம் தண்ணீர். ஒரு ராத்திரிக்கு ஒரு காபி டம்ளரில் பாதி. இருபது நாளில் ஒரு லிட்டருக்கு மேல்! தட்டுகள் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். வெளியே தெரிந்த தட்டு கெட்ட தட்டு. பிறகு டிஸ்டில்டு வாட்டர் எவ்வளவு ஊற்றினாலும் போன உயிர் திரும்பாது.

தண்ணீர் போவதாவது காசு நஷ்டம். வாயுதான் பயமுறுத்துவது. அதே 5 ஆம்பியரில் மணிக்கு 12 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் வெளியே வரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அலை அடித்து நனையக்கூடாது என்று பேட்டரியை மூடி போட்ட பெட்டியில் வைத்திருப்பார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் 100 லிட்டர் இடம் இருந்து, காற்று போக வழியில்லாமல் இருந்தால், இருபது நிமிஷத்தில் அந்த அளவு வந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஒருவர் பீடியோடு மூடியைத் திறந்தால் போதும். டெர்மினலில் ஒரு லூஸ் கனெக்‌ஷன் பொறி தட்டினாலும் போதும். ஆசிட்டோடு சேர்ந்து வெடிக்கும். எங்கள் நிலையத்து பேட்டரி அறையில் காற்றை வெளியேற்றும் விசிறி ஓடாமல் சார்ஜர் போட விடமாட்டோம். கடலில் விசிறி எங்கே? பெட்டியின் மேல்பக்கம் துளை போடச் சொல்லுங்கள். ஹைட்ரஜன் லேசானது, மேலேதான் போகும். கீழே போட்ட துளை தண்ணீர் வடியத்தான் உதவும்.

சரி, நம் படகுக்காரர் கதைக்கு வருகிறேன்.

அவரிடம் முதலில் மீட்டர் இல்லாமல் ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, எப்பப் பார்த்தாலும் கொதிக்குதா, எப்பவாவதா?" யோசித்துவிட்டுச் சொன்னார்: "பகல் தொழிலுக்குப் போனா ஒண்ணும் ஆவறதில்ல சார். ராத்திரி தொழிலுக்குப் போனாதான்." இந்த ஒரு பதில்தான் எனக்கு முக்கால்வாசி விடை கொடுத்தது. மோட்டாருக்கு ராத்திரி பகல் தெரியாது. ரெகுலேட்டருக்கும் தெரியாது. ராத்திரியில் மட்டும் படகில் என்ன மாறுகிறது? விளக்கு எரிகிறது!

ஆனால் இது முறைக்கு நேர் எதிராக இருந்தது. விளக்கு எரிந்தால் கரண்ட் செலவாகும், பேட்டரிக்குப் போவது குறைய வேண்டும். கூடுகிறதென்றால் வயரிங்கில் எங்கோ தப்பான இடத்தில் தப்பான கனெக்‌ஷன் இருக்கிறது.

"எக்கோவிலே வோல்டேஜ் காட்டுமே, பார்த்தீங்களா?" என்றேன். "பார்த்தேன் சார், ராத்திரியிலயும் 14.3தான் காட்டுது, கரெக்டாத்தானே இருக்கு?" என்றார். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பகலில் கரையிலேயே ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் இறக்கி ஓட்டினோம். தண்ணீர் இல்லாமல் அவுட்போர்டை ஓட்டினால் பம்ப்பின் இறக்கை கருகிவிடும், அவசரக்காரத் தம்பிகள் கவனிக்கவும். கியரை நியூட்ரலில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும், டிரம் பக்கம் யாரும் கை நீட்டக்கூடாது. பீடி, சிகரெட் எல்லாம் இருபது அடி தள்ளி. முந்தின ராத்திரி சார்ஜ் போட்டு வைத்திருந்த நல்ல பேட்டரி ஒன்றை பக்கத்துப் படகிலிருந்து கடன் வாங்கி மாட்டினோம். சந்தேகத்துக்குரிய பேட்டரியை வைத்துக்கொண்டு சார்ஜிங்கைச் சோதிப்பது வீண். ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால் மிச்சம் ஐந்து செல் ஆறு செல்லின் வோல்டேஜை வாங்கிக்கொண்டு கொதிக்கும், ரெகுலேட்டர் மேல் ஒரு குற்றமும் இருக்காது. அதையும் பார்த்தேன். ஹைட்ரோமீட்டர் விட்டதில் அவருடைய பேட்டரியின் ஆறு செல்லும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. ஒரு செல் மட்டும் தனியாகக் கீழே கிடக்கவில்லை. ஆக மெக்கானிக் சொன்ன டூப்ளிகேட் கதை அவ்வளவு சரியில்லை.

மீட்டரை நேராக பேட்டரி டெர்மினலில், ஈயத்தின் மேலேயே வைத்தேன். கிளிப்பின் மேல் வைக்கக்கூடாது. மோட்டார் ஓடுவதற்கு முன் 12.7. நிறைந்த பேட்டரி ஓய்வில் இருந்தால் அவ்வளவுதான் காட்டும். மோட்டாரை வேகம் ஏற்றினோம், விளக்கு எதுவும் போடவில்லை. 14.4. குறை சொல்ல ஒன்றுமில்லை. மெக்கானிக் பகலில் பார்த்திருப்பார், இதைத்தான் பார்த்திருப்பார்.

"இப்ப எல்லா விளக்கையும் போடுங்க" என்றேன். போட்டார். மீட்டர் ஏற ஆரம்பித்தது. 15, 15.5, கடைசியில் 15.9-ல் போய் நின்றது. அவர் எக்கோவைப் பார்த்துவிட்டு, "சார், இங்க 14.3தான் காட்டுது!" என்று கத்தினார். ஒரே படகு, ஒரே நேரம், இரண்டு மீட்டர், ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம்.

இந்த மோட்டாரின் ரெகுலேட்டரில் பேட்டரிக்குப் போகும் கனமான வயர் தவிர, மெல்லிய வயர் ஒன்றும் உண்டு. அது பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு ஃபியூஸ், அப்புறம் சாவி சுவிட்ச் வழியாக ரெகுலேட்டருக்கு வரும். அதன் வேலை கரண்ட் கொண்டு போவது இல்லை. பேட்டரியில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று ரெகுலேட்டருக்குச் சேதி சொல்வது மட்டும்தான். எல்லா மோட்டாரிலும் இப்படித் தனி வயர் இருக்காது. இதில் இருந்தது.

யாரோ ஒருவர் எக்கோவும் விளக்கும் மாட்டிக் கொடுத்தபோது, இந்தச் சேதி வயரிலேயே ஒட்டுப் போட்டு அவற்றுக்குக் கரண்ட் எடுத்திருந்தார். அவரைத் திட்டிவிடாதீர்கள். அதில் ஒரு யோசனை இருந்தது. சாவியை ஆஃப் செய்தால் விளக்கு, எக்கோ எல்லாம் தானாகவே ஆஃப் ஆகும், பேட்டரி இறங்காது. நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஆரம்பத்தில் ஒரு தொல்லையும் வந்திருக்காது. உப்புக்காற்று வேலை செய்ய நாளாகும் அல்லவா? ஃபியூஸ் மாட்டுகிற கூட்டைத் திறந்து பார்த்தோம். உள்ளே பச்சை பூத்துப் போயிருந்தது. பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பேறி இருந்தது. விளக்கு எரியும்போது தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

இப்போது ஓம் விதி. விளக்குகள், எக்கோ, ஜி.பி.எஸ்., வாக்கி-டாக்கி எல்லாம் சேர்ந்து 4 ஆம்பியர். துருப்பிடித்த ஃபியூஸ் கூட்டின் தடை 0.4 ஓம். பெருக்கினால் 1.6 வோல்ட். பேட்டரியில் 15.9 இருக்கும்போது ரெகுலேட்டருக்கு வரும் சேதி 14.3. "இன்னும் நிறையலையா, சரி, இன்னும் கொடு" என்று அது கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, வந்த சேதிதான் பொய். எக்கோவும் அதே வயரில் ஒட்டியிருப்பதால் அதே பொய்யைத்தான் காட்டுகிறது. விளக்கை அணைத்தால் அந்த வயரில் ஓடும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றுமில்லை, தடை இருந்தாலும் வோல்டேஜ் விழாது, எல்லாம் சரியாகிவிடும். பகலில் பார்த்த மூன்று பேரும் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பது இப்போது புரிகிறதா? ரெகுலேட்டரை மாற்றியும் ஏன் நிற்கவில்லை என்பதும்?

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரே ஒரு சோதனை செய்தேன். மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி பிளஸ்ஸில், இன்னொன்றை ரெகுலேட்டருக்கு வரும் சேதி வயரில். இரண்டுமே பிளஸ் பக்கம்தான், இடையில் ஒன்றும் இருக்கக்கூடாது. மீறிப் போனால் 0.2 வோல்ட். விளக்கு எரியும்போது அது 1.6 காட்டியது. தம்பிகளே, பேட்டரியில் வோல்டேஜ் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே வயரின் இரண்டு முனைக்கு இடையே பார்ப்பதுதான் பலருக்குத் தோன்றுவதில்லை. ஆனால் கரண்ட் ஓடும்போது பார்க்க வேண்டும். வயரைக் கழற்றி, கரண்ட் இல்லாமல் ஓம்மீட்டரில் பார்த்தால் 0.4 ஓம் என்பது சாதாரண மீட்டருக்கு முள்ளின் தடைக்குள்ளேயே மறைந்து போகும்.

ரிப்பேர் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒட்டையெல்லாம் வெட்டி எடுத்தோம். ஈயம் பூசிய செம்பு வயர் ஒன்றை பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு இழுத்து, விளக்குக்கும் எக்கோவுக்கும் கொடுத்தோம். சாவியை ஆஃப் செய்தால் எல்லாம் ஆஃப் ஆக வேண்டும் என்ற அவருடைய வசதி போகக்கூடாது, அதற்கு நடுவில் ஒரு ரிலே. ரிலேயின் காயில் மட்டும் சாவியைக் கேட்கும், கரண்ட் அந்த வழியே போகாது. சேதி வயருக்குப் புதிய ஃபியூஸ் கூடு, முனைகளுக்கு வாசலின். ஆன செலவு ஒரு பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மறுபடி எல்லா விளக்கையும் போட்டு ஓட்டினோம். 14.4. அசையவில்லை. அவர் கொஞ்ச நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "இந்தப் பச்சைக்கா சார் மூணு பேட்டரி போட்டேன்?" என்றார்.

எல்லாக் கொதிப்பும் இப்படி அழகாக அமையாது. சில சமயம் கடைக்காரர் சொன்னபடி ரெகுலேட்டரேதான் போயிருக்கும். நல்ல பேட்டரி, சுத்தமான கனெக்‌ஷன், விளக்கெல்லாம் அணைத்த நிலை, அப்போதும் 15-ஐத் தாண்டுகிறது என்றால் வேறு இடம் தேட வேண்டாம். அது ஏன் போனது என்று மட்டும் கேளுங்கள். மோட்டார் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றினார்களா? பேட்டரி ஒரு பெரிய தொட்டி மாதிரி வோல்டேஜைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதைச் சட்டென்று விலக்கினால் ஒரு நொடியில் வோல்டேஜ் எகிறி, ரெகுலேட்டரையும் எக்கோவையும் சேர்த்துக் கொண்டு போகும். இப்போது சிலர் லித்தியம் பேட்டரி வாங்கிப் போடுகிறார்கள். எடை குறைவு, நல்ல சரக்குதான். ஆனால் அதன் உள்ளே ஒரு காவல் சர்க்யூட் உண்டு. வோல்டேஜ் மிஞ்சினால் அது தானாகவே கதவை மூடிக்கொள்ளும். மூடிய அந்த நொடியில் இதே எகிறல்தான். லித்தியத்துக்கு மாறுகிறவர்கள் முதலில் சார்ஜிங்கைச் சரிபார்த்துவிட்டு மாறட்டும்.

சின்ன மோட்டார்களில் ரெகுலேட்டரே இல்லாமல் வெறும் ரெக்டிஃபையர் மட்டும் இருப்பதும் உண்டு. விளக்குக்கான காயில், நாலைந்து ஆம்பியர், அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றக்கூடிய பழைய ரக பேட்டரியாக இருந்தால் எப்படியோ சமாளிக்கும். கடையில் "மெயின்டனன்ஸ் ஃப்ரீ, தண்ணி ஊத்தவே வேணாம்" என்று கொடுக்கிற மூடிய பேட்டரியை இதில் மாட்டினால் போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. அங்கே பழைய ரகம்தான் நல்லது. நம் வெயிலையும் சொல்ல வேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கும் 14.4 என்பது 25 டிகிரிக்கு. சூடு ஏறினால் ஒவ்வொரு செல்லுக்கும் டிகிரிக்கு 3 மில்லிவோல்ட் அளவில் குறைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பேட்டரி 40 டிகிரியில் இருந்தால் 0.27 வோல்ட் குறைத்து 14.1 போதும். குளிர் நாட்டுக்காக அமைத்த மோட்டார் இங்கே வந்தால், கோளாறு எதுவும் இல்லாமலே கொஞ்சம் அதிகம் தண்ணீர் குடிக்கும். அதற்கு மாதம் இரண்டு முறை மட்டம் பார்த்து ஊற்றினால் போதும், பயப்பட வேண்டாம்.

நடுக்கடலில் கொதிக்க ஆரம்பித்தால்? அழுகிய முட்டை நாற்றம் வந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். நெருப்பு எதுவும் கூடாது. மோட்டாரை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே எரிகிற விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல், பெட்டி மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விட வேண்டும். முகத்தை மேலே நீட்டிப் பார்க்கக்கூடாது. பிறகு மெதுவான வேகத்தில் கரைக்குத் திரும்பலாம். "எல்லா விளக்கையும் போட்டுடு, கரண்ட் செலவாகும்" என்று ஒரு பொது ஆலோசனை உண்டு, பல படகில் அது சரி. நான் சொன்ன படகில் அதுதான் விஷம்! கயிறு இழுத்துக் கிளப்பும் மேக்னட்டோ மோட்டாராக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. மோட்டார் நின்ற நிலையில் ஸ்டேட்டரிலிருந்து ரெக்டிஃபையருக்கு வரும் வயர்களை, பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும், கழற்றி ஒவ்வொன்றையும் தனித்தனியாக டேப் சுற்றிவிட்டு மறுபடி கிளப்பலாம். ஸ்பார்க்குக்குத் தனி காயில் இருப்பதால் மோட்டார் ஓடும். கம்ப்யூட்டர் வைத்த ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் மோட்டாரில் இதைச் செய்யாதீர்கள், அதற்கு பேட்டரிப் பக்கம் மின்சாரம் இல்லாமல் ஓடத் தெரியாது.

ஓலே எவின்ரூட் என்ற அமெரிக்கர் 1909-ல் அவுட்போர்டு மோட்டாரைச் செய்து விற்க ஆரம்பித்தார். கேஸ்டன் பிளாண்டே ஈய-அமில பேட்டரியைச் செய்தது 1859. இரண்டும் நூறு வயது தாண்டிய சரக்கு. நம் கல்லூரி ஆய்வகத்தில் இப்போது சோலார், மின்சார வாகனம் எல்லாம் வந்திருக்கிறதைப் பார்த்து மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் மூலையில் அந்தப் பழைய பேட்டரி பெஞ்சும் ஹைட்ரோமீட்டரும் இன்னும் இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறினேன். தூசி படிந்திருக்கிறது.

அதனால் ஒரு விண்ணப்பம், சங்கத்துக்கும் துறைத் தலைவர் அவர்களுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசி கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகுகள் கரையில்தான் நிற்கும். (செமஸ்டர் தேர்வும் அப்போதுதான் வரும், தெரியும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் போதும்.) பத்து மாணவர்கள், ஐந்து மல்டி மீட்டர், இரண்டு ஹைட்ரோமீட்டர், ஒரு க்ளாம்ப் மீட்டர். சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், மாமல்லபுரம் என்று ஒவ்வொரு கரையாகப் போய், சார்ஜிங் உள்ள படகுகளில் மூன்று அளவு எடுத்து ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்து வரலாம்: மோட்டார் நின்றபோது, ஓடும்போது, எல்லா விளக்கும் எரிந்து ஓடும்போது. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். டிரம்முக்கும் டீக்கும் நான் பொறுப்பு. மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் படகுக்காரர் பொறுப்பேற்றுக்கொண்டார், வஞ்சிரம் கிடைத்தால் வஞ்சிரம், இல்லாவிட்டால் சங்கரா. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வலப்பக்கம் என்னைப் பாருங்கள்.